வாழைப்பழத்தைக் குத்தம் சொல்லாதீங்க

ஒன்றரை வயசுப் பேத்திக்கு மூணு மாசமா மூக்கடைப்பு. ராத்திரி வாயைத் திறந்துக்கிட்டுத்தான் தூங்குது. வீட்டுக்கு வர்றவங்க எல்லாருமே வைத்தியர்தான். வாழைப்பழம் குடுத்தியா, தயிர் குடுத்தியான்னு மருமகளை வாட்டி எடுக்கிறாங்க. ஒரு பெரியம்மா மூக்குல எண்ணெய் விடவே கிளம்பி வந்துட்டாங்க. அது நுரையீரல்ல இறங்கினா யாருங்க பதில் சொல்றது?

மருந்துக்கடையில கேட்ட உடனே சளி சிரப்பை நீட்டுறாங்க. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் கலந்ததை 4 வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு பாட்டில்லயே அச்சடிக்கச் சொல்லி 2023லயே மத்திய அரசு உத்தரவு போட்டாச்சு. யார் படிக்கிறாங்க?

குழந்தை டாக்டர் பழத்தைப் பத்திக் கேக்கவே இல்ல. வீட்டுல புகை உண்டான்னுதான் கேட்டார். கொசுவத்தி, சாம்பிராணி, விறகடுப்பு, திண்ணையில என் பீடி. மருமக தலையைக் குனிஞ்சுக்கிட்டா, நான்தான் சொன்னேன். உப்புத்தண்ணி சொட்டு மருந்து மட்டும் எழுதினார். அலர்ஜியான்னு அப்புறம் பார்க்கலாம்னார்.

இப்ப கொசுவலைதான். சாம்பிராணியை நிறுத்தினதுல பெரியம்மாவுக்குக் கோபம். காலங்காலமா போடுறதாம். காலங்காலமா புள்ளைங்க மூக்கடைச்சுத்தானே கிடந்துச்சு?

பீடியைக் களத்துமேட்டோட விட்டுட்டு வர்றேன். அப்பவும் பேத்தியைக் கையில தரமாட்டேங்கிறா. சட்டையில வாடை அடிக்குது, குளிச்சுட்டு வாங்க மாமாங்கிறா.