சாவி யாரிடம் இருக்கிறது, தோழர்களே?

"இங்கே யார் வேண்டுமானாலும் பேசலாம்" என்று எந்த இடத்தில் அறிவிப்பு வந்தாலும் நாம் முதலில் ஒரு காரியம் செய்ய வேண்டும். யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்து, பேசாமல் போனவர்கள் யார் என்று விசாரிக்க வேண்டும். அதற்கும் அடுத்து, அந்த இடத்தின் சாவி யாருடைய இடுப்பில் தொங்குகிறது என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வி வந்ததும் பல முகங்கள் சுருங்கும்.

இணையத்தைப் பற்றி ஒரு பழங்கதை நம் மாணவர் வட்டங்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாம் சுதந்திரமாக இருந்ததாம், நிர்வாகம் கிடையாதாம், மேல் கீழ் கிடையாதாம், பெரிய கம்பெனிகள் வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தனவாம். இதை நம்பித்தான் நம் தோழர்கள் பலர் "அட்மின் என்பது சும்மா பேருக்கு, விதிமுறை எல்லாம் நமக்கு எதற்கு" என்று விவாதக் குழுக்களைத் தொடங்குகிறார்கள். இந்தக் கதை பொய் என்கிறோம். அந்தப் பொய்யால் அடிபடுகிறவர்கள் வழக்கம்போல கடைசி வரிசையில் இருப்பவர்கள்தான்.

யூஸ்நெட்டை எடுத்துக்கொள்வோம். 1979ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்கள் போட்ட திட்டம் அது. பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியாகச் செய்தி பரிமாறத் தொடங்கி, 1980ல் அது வெளியுலகுக்கு வந்தது. ஒரு கணினி இன்னொன்றுக்குப் போன் போடும், சேர்ந்திருக்கும் செய்திகளைக் கொடுக்கும், வாங்கும். மையம் கிடையாது, முதலாளி கிடையாது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால் போன் பில் யார் கட்டுவது? சமூகவியல் படிக்கிற தோழர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பெரிய பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் நடத்திய சில கணினி நிலையங்களே தொலைதூர அழைப்புச் செலவைத் தாங்கிப் பெரும்பாலான செய்திகளைச் சுமந்தன. அவற்றுக்கு 'முதுகெலும்பு' என்று பெயர். அந்த நிலையங்களின் நிர்வாகிகள் ஒரு குழுவை எடுத்துச் செல்ல மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அந்தக் குழு பாதி செத்த மாதிரிதான். யாரும் இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் இவர்களை 'முதுகெலும்புக் கும்பல்' என்று அழைத்தார்கள். "அப்படி ஒரு கும்பலே கிடையாது" என்பது யூஸ்நெட்டில் நிரந்தரமாகச் சுற்றிய நகைச்சுவை. நமக்கு இந்த நகைச்சுவை புதிதா என்ன? "எங்க ஊர்ல யாரும் சாதி பார்க்கறதில்ல" என்று தேநீர்க் கடை வாசலில் நின்று சொல்கிறவர்களை நமக்குத் தெரியாதா? தன்னை இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அதிகாரத்தை எதிர்த்து மனு கொடுக்கக்கூட முடியாது. அந்த வசதிக்காகத்தான் அது இல்லை என்கிறது.

1986, 87ல் அந்தக் குழுக்களின் பெயர்களை எல்லாம் மாற்றி அமைத்தார்கள். கணினிக்கு ஒரு பிரிவு, அறிவியலுக்கு ஒன்று, சமூகத்துக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று என ஏழு பிரிவுகள். சண்டை வரும் என்று கருதப்பட்ட அரசியல், மத விவாதங்களுக்கு 'டாக்' என்று தனிப் பிரிவு. வேண்டாம் என்கிற நிலையங்கள் அந்தப் பிரிவை மொத்தமாக ஒதுக்கிவிட வசதியாக இருந்தது. பெயர்ப் பட்டியலை ஒழுங்குபடுத்தும் வேலை என்றுதான் இதற்குப் பெயர். ஊர் எங்கே முடிகிறது, ஊருக்கு வெளியே எது என்று வரைபடம் போடுவதும் அப்படிப்பட்ட வேலைதான் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டெடுப்பு இருந்ததே என்பார்கள். இருந்தது. ஒரு புதிய குழு வேண்டுமானால் முன்மொழிந்து விவாதித்து மின்னஞ்சலில் ஓட்டெடுக்க வேண்டும். எதிர்ப்பைவிட ஆதரவு 100 ஓட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும் என்றார்கள். விதியை எழுதி வைத்தது நல்ல விஷயம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவில் ஒருநாளும் கால் வைக்கப்போகாதவர்களும் வேண்டாம் என்று ஓட்டுப் போடலாம். சிறுபான்மையினர் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு திண்ணை கேட்டால் அதற்குப் பெரும்பான்மையின் சம்மதம் வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? 1988ல் பாலியல் பற்றி விவாதிக்க ஒரு குழு ஓட்டில் வென்றது. முதுகெலும்பு நிலையங்கள் அதை ஏற்கவில்லை. ஓட்டில் வென்று வந்த தலைவருக்கு நாற்காலி இல்லை என்று சொல்கிற ஊராட்சி அலுவலகங்களைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பெயர் வைக்கிற உரிமையையும் பாருங்கள். 1983ல் தன்பாலீர்ப்பாளர்களுக்காக ஒரு குழு தொடங்கப்பட்டது. அதன் பெயர் நெட்.மோட்ஸ். 'ஒரே பாலைச் சேர்ந்தவர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. பெயரைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது, அதற்காகத்தான் அப்படி ஒரு பெயர். சுதந்திர பூமி என்று புகழப்படும் இடத்தில் ஒரு பகுதி மக்கள் தங்கள் பெயரை மறைத்துக்கொண்டுதான் உள்ளே வர முடிந்தது. கல்லூரி விடுதியில் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கும் தம்பிக்கும் தங்கைக்கும் இது விளங்கும்.

சரி, கதவை மொத்தமாகத் திறந்துவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். 1987ல் பிரையன் ரீட், ஜான் கில்மோர் முதலியவர்கள் முதுகெலும்புக் கும்பலைச் சுற்றிக்கொண்டு 'ஆல்ட்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். ஓட்டு வேண்டாம், அனுமதி வேண்டாம், யாரும் குழு தொடங்கலாம். அதிகாரத்தை மீறிய அந்தத் துணிச்சலை மதிக்கிறோம். ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் உள்ளே இருக்கிற எல்லோரும் பேசிவிடுவார்களா? யூஸ்நெட் முழுவதும் கேட்ட பதில் ஒன்று உண்டு: "பிடிக்காவிட்டால் படிக்காதே." வேண்டாதவர்களின் செய்திகளை உங்கள் கணினியே மறைத்துவிடும் வசதியும் 1980களிலேயே வந்துவிட்டது. அதாவது வசைபாடுகிறவர் வசைபாடிக்கொண்டே இருப்பார், வசை வாங்குகிறவர் தன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் மற்ற ஆயிரம் பேர் அதைப் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பெண்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பெண்கள் தொடர்பான விவாதத்துக்கென்று யூஸ்நெட்டில் தொடங்கிய திறந்த குழுவில் ஆண்களே அதிகம் எழுதினார்கள். பிறகு பெண்ணியம் பேச மட்டுறுத்துநர்களோடு தனிக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. படித்தவர்கள் கூடினால் சரியாகிவிடுமா? மொழியியல் ஆய்வாளர் சூசன் ஹெர்ரிங் தன் சக ஆய்வாளர்களோடு 1992ல் வெளியிட்ட ஆய்வு, பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் இருந்த ஒரு மின்னஞ்சல் குழுவைப் பற்றியது. அங்கே எப்போதும் ஆண்களே அதிகம் எழுதினார்கள். ஒரு விவாதத்தில் இரண்டே இரண்டு நாள் பெண்கள் எழுதியது ஆண்கள் எழுதியதைத் தாண்டியது. உடனே சில ஆண்கள் குழுவைவிட்டு விலகப்போவதாக எழுதினார்கள். இரண்டு நாள்! காலம் காலமாக ஒலிபெருக்கியை வைத்திருப்பவருக்கு அடுத்தவர் இரண்டு நாள் பேசினாலே தன் குரல்வளை நெரிக்கப்படுவதாகத் தோன்றுகிறது.

எனவே "மட்டுறுத்தல் என்றாலே தணிக்கை" என்ற வாதத்தை ஏற்க மறுக்கிறோம். மட்டுறுத்தல் இல்லாத மன்றம் என்று ஒன்று கிடையாது. எழுதி வைத்த விதி மட்டுறுத்தவில்லை என்றால், அதிக நேரமும் நல்ல இணைப்பும் சரளமான ஆங்கிலமும் தடித்த தோலும் வைத்திருப்பவர் மட்டுறுத்துவார். எழுதிய விதி தவறாக இருந்தால் அதைக் காட்டிச் சண்டை போடலாம். எழுதாத விதியோடு எப்படிச் சண்டை போடுவது?

இன்னொரு சாவி நினைவின் சாவி. இருபது ஆண்டு யூஸ்நெட் உரையாடல் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது? 1995ல் டேஜா நியூஸ் என்ற நிறுவனம் அவற்றைச் சேமிக்கத் தொடங்கியது. 2001ல் அந்தச் சேமிப்பைக் கூகுள் வாங்கியது. டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் காந்த நாடாக்களில் சேர்த்து வைத்திருந்ததால்தான் 1980களின் பேச்சில் பெரும்பகுதி பிழைத்தது. லட்சக்கணக்கானவர்கள் பேசினார்கள், ஒரு துறையின் அலமாரியும் ஒரு கம்பெனியின் கிடங்கும் அதை வைத்துக்கொண்டன. நம் போராட்டங்களின் விவாதங்கள் இன்று எத்தனை பேருடைய தனிப்பட்ட போன்களில் மட்டும் கிடக்கின்றன? ஒரு போன் தொலைந்தால் ஓராண்டு வரலாறு தொலையும்.

விவாதக் குழு தொடங்கும் தோழர்களிடம் எங்கள் கோரிக்கை இதுதான். முதல் சண்டை வருவதற்கு முன்பே விதியை எழுதுங்கள். நல்ல தமிழில், ஒரு பக்கத்துக்குள், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்கும் புரியும்படி எழுதுங்கள். சாவி ஒருவரிடமே இருக்கக் கூடாது. குறைந்தது மூன்று பேர், அவர்களில் பெண்கள் கட்டாயம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். யாரையாவது நீக்கினால் காரணத்தைக் குழுவில் சொல்லுங்கள், நீக்கப்பட்டவர் முறையிட ஒரு வழி வையுங்கள். வசையை "உட்கட்சி விவகாரம்" என்று மூடாதீர்கள். மாதம் ஒருமுறை யார் எத்தனை முறை பேசினார்கள் என்று எண்ணி எல்லோர் முன்பும் வையுங்கள். விவாதங்களின் நகலை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

இதெல்லாம் அலுவலக வேலை மாதிரி இருக்கிறது, புரட்சி மாதிரி இல்லை என்று சில அண்ணன்கள் சொல்வார்கள். அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அண்ணா, இப்போது சாவி யாரிடம் இருக்கிறது?"