குனுமெலெங்

ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்கு அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள் என்பதே சுற்றுலாக் கையேடுகளின் வழக்கமான அறிவுரை. அவற்றுக்கு அங்கே இரண்டே பருவங்கள்: மழை, வறட்சி. இடைப்பட்ட புழுக்கம் வெறும் காத்திருப்பு.

குழந்தைகளோடு அம்மாதங்களில் டார்வினிலிருந்து ககாடு வரை சாலைவழியே சென்றுவந்த எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. அந்நிலத்தின் தொல்குடியினரான பினிஞ் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்திருக்கிறார்கள். பெருமழைக்கு முந்தைய இந்த இடிமின்னல் காலத்திற்குக் குனுமெலெங் என்று தனிப்பெயரே உண்டு. வற்றிச் சுருங்கிய மாமுகலா நீர்நிலையில் மாக்பை வாத்துகள் ஆயிரக்கணக்கில் கூடுவதும் மழைக்கு முன்னர்தான்.

ஆறு பெரும்பொழுதுகளை வகுத்த தமிழுக்கு இது அந்நியமன்று. ஆயினும் நம் பயணக்கட்டுரைகள் கையேட்டின் இரண்டு பருவங்களையே திருப்பிச் சொல்கின்றன. செல்லும் நிலத்தார் அப்பருவத்தை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்பதையாவது கேட்டறிந்து எழுதலாம்.