ஆல்ப்ஸுக்குக் காரில் போறீங்களா? கப்பல்ல போங்க!

டிசம்பர் பிறந்தால் போதும், இங்கே லீட்ஸில் நம்ம பசங்க நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுதான். ஸ்கீயிங். ஊட்டிக் குளிருக்கே மங்கி குல்லா போட்டுக்கொண்டு நடுங்கியவர்கள் எல்லாம் இப்போது "வால் தொரான்ஸ் போகலாமா, மெரிபெல் போகலாமா" என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிறார்கள். சரி, வாழ்க. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

நான் சொல்ல வந்தது பனிச்சறுக்கு பற்றி அல்ல. அங்கே போய்ச் சேர்வது பற்றி. இந்த வருடம் குரூப்பில் பெரிய விவாதம்: கடலைக் கப்பலில் தாண்டுவதா, சுரங்க ரயிலிலா? எல்லாரும் சுரங்கம் என்கிறார்கள். நான் மட்டும் கப்பல் என்கிறேன். "இவன் டைட்டானிக் பார்த்துக் கெட்டுப்போயிட்டான்" என்று கிண்டல் வேறு. அதனால்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். இங்கிலாந்திலிருந்து காரோடு பிரான்சுக்குப் போக முக்கியமாக இரண்டு வழி. டோவரில் காரைக் கப்பலில் ஏற்றி, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கலேயில் இறங்கலாம். அல்லது பக்கத்தில் ஃபோக்ஸ்டனில் காரை அப்படியே ரயிலுக்குள் ஓட்டிக்கொண்டு போய், கடலுக்கு அடியில் 50 கி.மீ. சுரங்கத்தில் 35 நிமிடத்தில் அக்கரை சேரலாம். 1994ல் திறந்த சுரங்கம் அது. எந்த வழியில் போனாலும் பிரெஞ்சு போலீஸ் இங்கிலாந்துக் கரையிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்த்துவிடும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்கு ஷெங்கன் விசா வேண்டும். (அந்த விசா வாங்கிய கதையைத் தனிப் பதிவாக அழலாம்.)

35 நிமிடம் எங்கே, 90 நிமிடம் எங்கே? கணக்குப் போட்டால் சுரங்கம்தான் ஜெயிக்கும். 2024 பிப்ரவரியில் நாங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டோம்.

நாலு பேர். ஒரு பழைய கார். லைசென்ஸும் இன்சூரன்ஸும் சரியாக இருந்தது ஒரே ஒருவருக்கு. ஆராய்ச்சி மாணவரான எங்கள் சீனியர் அண்ணா. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, பகல் முழுக்க லேபில் வேலை பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தார். லீட்ஸிலிருந்து கடற்கரைக்கு 400 கி.மீ.க்கு மேல். நள்ளிரவு தாண்டிச் சுரங்க ரயில். அதில் காரை விட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். விளக்கு வெளிச்சம், அறிவிப்பு, பின்சீட்டில் எங்கள் சிப்ஸ் பாக்கெட் சத்தம். அண்ணா கண்ணை மூடிச் சாய்ந்தார், உடனே திறந்தார். அதற்குள் கலே வந்துவிட்டது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தார்.

கலேயிலிருந்து ரைம்ஸ் வழியாகப் போகும் ஏ26 நெடுஞ்சாலைக்கு 'ஆங்கிலேயர் நெடுஞ்சாலை' என்று பிரான்சில் ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரான சாலை. ராத்திரியில் வண்டியே இருக்காது. 130 கி.மீ. வேகம் வரை அனுமதி. ஓட்டுகிறவருக்கு இதைவிட மோசமான தாலாட்டு கிடையாது. எங்கள் கார் இங்கிலாந்துக் கார் என்பதால் ஸ்டியரிங் வலது பக்கம், டோல்கேட் சீட்டு எடுக்கிற பெட்டி இடது பக்கம். சீட்டு எடுக்கும் வேலை முன்சீட்டில் இருந்த எனக்கு. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் விழித்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நானும் தூங்கிவிட்டேன்.

ரைம்ஸ் தாண்டி, பிரெஞ்சு நேரம் காலை நாலே முக்கால். காருக்கு அடியிலிருந்து கடகடகடவென்று ஒரு சத்தம். சாலை ஓரத்தில் வரிவரியாக மேடு வைத்த வெள்ளைக்கோட்டின் மேல் டயர் ஏறிய சத்தம். கண்ணைத் திறந்தால் இரும்புத் தடுப்பு என் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். "அண்ணா!" என்று கத்தினேன். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். காரில் யாரும் பேசவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார்: "தூங்கலடா. கண்ணைத்தான் மூடினேன்."

அப்போது அவர் எழுந்து கிட்டத்தட்ட 22 மணி நேரம் ஆகியிருந்தது.

இது அவர் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் அது. 'நான் ஸ்டாப்பா போயிடலாம், ஹோட்டல் காசு மிச்சம்' என்று முதலில் சொன்னதே நான்தான்.

வந்த பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1990களின் கடைசியிலேயே ஆராய்ச்சிகள் சொல்லிவிட்டன. பிரான்சில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட மது அளவின் எல்லை சரியாக அந்த 0.05தான். ஒரு பீர் கூடக் குடிக்காத அண்ணா, ஒரு விதத்தில் அந்த எல்லையை இங்கிலாந்திலேயே தாண்டிவிட்டார்.

நாம் இருக்கும் யார்க்‌ஷயரிலேயே ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28. ராத்திரி முழுக்கத் தூங்காமல் போனில் பேசிக்கொண்டிருந்த ஒருவர், விடிகாலையில் எம்62 சாலையில் ஓட்டிக்கொண்டு போகும்போது கண்ணயர்ந்தார். அவருடைய வண்டி சாலையை விட்டு இறங்கி ரயில் பாதையில் போய் நின்றது. வேகமாக வந்த பயணிகள் ரயில் அதில் மோதித் தடம் புரண்டு, எதிரே வந்த சரக்கு ரயிலிலும் மோதியது. பத்து பேர் செத்தார்கள். ஓட்டியவருக்குப் பெரிய காயம் இல்லை. ஐந்து வருட ஜெயில் கிடைத்தது. செல்பி ரயில் விபத்து என்று தேடினால் கிடைக்கும்.

பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் கண்டிப்பான சட்டம் இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாளில் ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. லீட்ஸிலிருந்து வால் தொரான்ஸ் சுமார் 1,400 கி.மீ. ஓட்டுகிற நேரம் மட்டும் பதினாலு, பதினைந்து மணி. தொழிலே ஓட்டுவதாக இருப்பவரைச் சட்டம் ஒரே நாளில் ஓட்ட விடாத தூரத்தை, நாம் லேபிலிருந்து நேராகப் போய் ஓட்டுகிறோம். நம்மைத் தடுக்க ஆள் இல்லை.

இங்கேதான் கப்பல் வருகிறது. கப்பலில் காரை நிறுத்தியதும் எல்லாரும் இறங்கி மேலே போயே ஆக வேண்டும். பயணம் முடியும் வரை கார் தளத்துக்கு அனுமதி இல்லை. அண்ணாவே ஆசைப்பட்டாலும் ஸ்டியரிங்கிடம் போக முடியாது! ஒன்றரை மணி நேரம் சோபாவில் கால் நீட்டலாம், சூடாக ஏதாவது சாப்பிடலாம், மேல்தளத்தில் காற்று வாங்கலாம். ஊரே இதைத் தாமதம் என்கிறது. ஓட்டுகிறவருக்குக் கட்டாய ஓய்வு என்று நான் சொல்கிறேன்.

உடனே ஒரு கூட்டம் வரும். "குமட்டுமே?" குமட்டும். மாத்திரை இருக்கிறது. "டோவரில் கூட்டம் மாட்டிக்கிட்டா?" இது நியாயமான கேள்வி. 2023 ஈஸ்டருக்கு முன்னால் அங்கே சுற்றுலாப் பேருந்துகள் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தன. விடுமுறை தொடங்கும் நாளில் போனால் எந்தக் கரையிலும் காத்திருக்க வேண்டி வரலாம், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. "ஒன்றரை மணி நேரத் தூக்கம் போதுமா?" போதாது. அதனால்தான் கப்பலோடு நிறுத்தாமல், பிரான்சில் எங்காவது ஒரு ராத்திரி படுங்கள் என்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்து மலிவு ஹோட்டல் செலவை நாலாகப் பிரித்தால் பெரிய தொகை வராது. ஸ்கீ பாதைகளுக்கான ஆறு நாள் லிஃப்ட் பாஸுக்கு மட்டும் தலைக்கு 300 யூரோவுக்கு மேல் கொடுக்கிறோம். மிச்சம் பிடிக்க நமக்குக் கிடைத்தது தூக்கம்தானா?

சரி, எங்கள் அவசரத்தால் என்ன லாபம் கிடைத்தது என்று கேளுங்கள். சத்தம் கேட்ட பிறகு அடுத்து வந்த ஓய்விடத்தில் நிறுத்தி, மூன்று மணி நேரம் நாலு பேரும் காரிலேயே தூங்கினோம். அப்புறம் ஆல்பர்வில்லுக்குப் பக்கத்தில் சனிக்கிழமை நெரிசலில் வேறு மாட்டினோம். ஸ்கீ ஊர்களில் சனிக்கிழமைதான் பழைய ஆட்கள் காலி செய்து புது ஆட்கள் வரும் நாள், எல்லாக் காரும் ஒரே பள்ளத்தாக்குச் சாலையில். இத்தனைக்கும் பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அறைச் சாவி தயாராகவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் தருவார்களாம்! கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து பனியை வேடிக்கை பார்த்தோம். இதற்காகவா சாகப் பார்த்தோம்?

இன்னொன்று, பயணத்தின் கஷ்டமான பகுதி கடைசியில்தான் வருகிறது. முத்தியே ஊர் சுமார் 480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வால் தொரான்ஸ் 2,300 மீட்டர். நடுவில் 35 கி.மீ. சொச்சம் மலைச்சாலை, கொண்டை ஊசி வளைவுகளோடு. 2021லிருந்து நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலைப்பகுதிகளில் குளிர்கால டயராவது போட்டிருக்க வேண்டும், ஸ்னோ செயினாவது கையில் இருக்க வேண்டும். எங்களிடம் செயின் இருந்தது. ஆனால் உறையைப் பிரித்ததே அந்தச் சாலை ஓரத்தில்தான். எங்கள் கார் முன்சக்கரங்களால் ஓடுவது, செயினை முன்சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பின்சக்கரத்தில் ஒன்றை மாட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாட்டிப் பழகிவிடுங்கள், கையுறையோடு.

அந்த மலை விளையாட்டு இல்லை. 2014 டிசம்பர் 27 அன்று சவ்வா பகுதியில் கொட்டிய பனியில் சுமார் 15,000 வண்டிகள் சாலையிலேயே நின்றுபோயின. ஜனங்களைத் தங்க வைக்க அரசாங்கம் அவசர முகாம்களைத் திறந்தது. அந்த மாதிரி ஒரு நாளில் 22 மணி நேரம் விழித்திருந்த டிரைவரோடு மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன 2025 பிப்ரவரியில் மறுபடியும் போனோம். இந்தத் தடவை வியாழன் ராத்திரி எல்லாரும் சீக்கிரம் தூங்கி, வெள்ளி விடிகாலையில் கிளம்பி, மதியம் கப்பல். அண்ணா சோபாவில் வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம். நாங்கள் மூன்று பேரும் மேல்தளத்தில் நின்று வெள்ளைப் பாறைகள் சின்னதாகிப் போவதைப் பார்த்தோம். சுரங்கத்தில் இதெல்லாம் கிடையாது.

அவசரம் இல்லாததால் பெத்தூன் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி நெவ்-ஷப்பெல் போனோம். முதல் உலகப் போரில் இந்தப் பக்கம் செத்து, கல்லறைகூட இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வயல்வெளி நடுவில் வட்டமாக ஒரு நினைவிடம். எங்களைத் தவிர யாரும் இல்லை. முந்தின வருடம் ராத்திரி இதன் பக்கத்தில்தான் 130ல் பறந்திருக்கிறோம், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல். ராத்திரி த்ருவாவில் தங்கல். மறுநாள் மலை ஏறி முடிக்கும்போது அண்ணா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது :-)

வருகிற பிப்ரவரிக்கு டோவரில் கப்பல் டிக்கெட் போட்டாயிற்று. குரூப்பில் இருவர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். காரில் ஓர் இடம் காலி. சமைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்கீயிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிரான்சில் செல்லும் லைசென்ஸும், இன்சூரன்ஸில் பெயர் சேர்க்கச் சம்மதமும் இருந்தால் பின்னூட்டத்தில் கை தூக்குங்கள்.