மூணு கொட்டேஷன், ஒரே எழுத்துப்பிழை

அரசுக் கல்லூரிகளில் கம்ப்யூட்டரோ புரொஜெக்டரோ எப்படி வாங்குகிறார்கள் என்று பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "எல்லாம் ரூல்ஸ்படிதான் சார், டெண்டர் விட்டுத்தான் வாங்குறோம்." அதோடு பேச்சு முடிந்துவிட்டதாம். எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்றே 1998இல் சட்டம் போட்டார்கள், 2000இல் விதிகள் வந்தன. நல்ல சட்டம்தான். டெண்டர் அறிவிப்புகளை வெளியிடச் சொல்கிறது, முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி வைத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் எல்லோருடைய கண்ணும் உறை பிரிக்கும் அந்த ஒரு மணி நேரத்தின் மேல்தான். தில்லுமுல்லு நடப்பது அதற்கு முன்னாலும் பின்னாலும்.

முன்னால் என்றால், ஸ்பெசிஃபிகேஷன் எழுதும்போது. எடை இத்தனை கிராமுக்குள், திரை இத்தனை அங்குலம், இடது பக்கம் இத்தனை போர்ட். கம்பெனி பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் சந்தையில் ஒரே ஒரு மாடல்தான் அதற்குள் உட்காரும். மாப்பிள்ளைக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு, 'இந்தச் சட்டை யாருக்குச் சரியாக இருக்கிறதோ அவனுக்கே பெண்' என்று தண்டோரா போடுவது மாதிரி. போதாததற்கு, ஆண்டு வர்த்தகம் இத்தனை கோடி இருக்க வேண்டும் என்று ஒரு வரி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்து, பிள்ளைகளின் மெஷினைப் பிரித்து மாட்டித் தருகிறவர் வாசலோடு சரி.

சின்னக் கொள்முதல் என்றால் அவ்வளவு சிரமம்கூட வேண்டாம். மூணு கொட்டேஷன் போதும். மூன்று லெட்டர்பேட், மூன்று ரப்பர் ஸ்டாம்ப், மூன்றிலும் அதே எழுத்துப்பிழை. ஆடிட்டில் பாஸாகிவிடும், தாள் மூன்று இருக்கிறதல்லவா!

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட், 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்த எதிர்க்கட்சி, தலைக்கு 10,000 ரூபாயில் என்ன லேப்டாப் கிடைக்கும் என்று கேட்டது. அது முதல் ஆண்டின் 10 லட்சம் பேருக்கான தொகை, தலைக்கு 20,000 என்று அரசு விளக்கியது. இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது. எண் பொதுவில் இருந்ததால்தானே சண்டையே வந்தது! ஆனால் சண்டை விலையோடு நின்றுவிட்டது. மெஷின் படுத்துவிட்டால் பென்னாகரத்துப் பெண் எங்கே போவாள் என்று அதே சத்தத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சர்வீஸ் சென்டர் சேலத்தில் என்றால் அவளுக்கு ஒரு நாள் வகுப்பு போச்சு, கூட வருகிற அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, சுமார் 68.5 சதவீதம். வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொடுகிற பிள்ளைகள் இங்கே ஏராளம்.

மொத்தமாக எல்காட் வழியாக வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. லட்சக்கணக்கில் வாங்கும்போது விலை இறங்கும், அது மக்கள் பணம். ஆனால் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்று கொடுக்கும்போது, அந்த விலைக்குள் மூன்று வருஷ ரிப்பேரும் வருகிறதா, தாலுகா அளவில் வருகிறதா என்பதையும் விலைப்பட்டியலோடு வெளியிட வேண்டாமா?

லேபுக்கு வாங்கியவற்றின் கதை வேறு. கெட்டுப்போனால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில் உறை போட்டுப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். வாரண்டி உறைக்குள்ளேயே காலாவதி ஆகிறது. இதற்கு ஆசிரியரைத் திட்டிப் புண்ணியமில்லை. ஓடாத மெஷினுக்கு விற்றவன் பதில் சொல்வதில்லை, கையெழுத்துப் போட்டவர்தான் சொல்கிறார்.

அரூரிலோ பாலக்கோட்டிலோ படிக்கிற நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, செலவு விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. உங்கள் கல்லூரி வெளியிடவில்லையென்றால் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஸ்பெசிஃபிகேஷன் எழுதிய குழுவில் யார் யார்? லேபில் பாடம் எடுப்பவர் ஒருவராவது இருந்தாரா? மூன்று கொட்டேஷனின் நகல்கள். வாரண்டி முடியும் தேதி. வந்த புகார் எத்தனை, ஒவ்வொன்றும் தீர எத்தனை நாள் ஆனது? 'வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி)' என்று திருப்பி அனுப்பலாம். பெரும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை அடிக்கோடிட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீட்டைப் போடுங்கள்.