நாளைய கொலைகாரர் நீங்கள்தான்!

காலை நேரம். மனைவியைக் காதலனோடு பார்த்துவிட்ட ஒரு கணவன் கத்தரிக்கோலை ஓங்குகிறான். போலீஸ் பாய்ந்து வந்து கையைப் பிடிக்கிறது. கத்தரிக்கோலில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனாலும் அவன் கொலைகாரன். செய்யப்போகிற கொலைக்காக இப்போதே சிறை.

2002-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ வந்தபோது, தியேட்டரில் இந்தக் காட்சிக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஃபிலிப் கே. டிக் 1956-ல் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்த படம் அது. நடப்பது 2054-ல், வாஷிங்டனில். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் மூன்று பேர் நடக்கப்போகும் கொலைகளைக் கனவில் காண்கிறார்கள். கம்ப்யூட்டர் அதைப் படமாகக் காட்டுகிறது. கொலையாளியின் பெயர் மர உருண்டையில் பொறிக்கப்பட்டு உருண்டு வருகிறது. ரயிலில், கடையில், எங்கே போனாலும் கண்ணை ஸ்கேன் செய்து ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆறு வருடமாக நகரத்தில் கொலையே இல்லை. வேறென்ன வேண்டும் என்கிறீர்களா?

படத்தில் போலீஸ் அதிகாரி ஜான் ஆண்டர்டன் ஒரு உருண்டையை மேஜையில் உருட்டுவார். விழப்போகிற உருண்டையை எதிரே நிற்பவர் பிடிப்பார். ‘அது விழவே இல்லையே, ஏன் பிடித்தீர்கள்?’ என்பது ஆண்டர்டனின் வாதம். சாமர்த்தியமான வாதம். ஆனால் உருண்டைக்கு மனசு கிடையாது சார்! மனிதனுக்கு உண்டு. பிறகு அதே ஆண்டர்டனின் பெயரே உருண்டையில் வருகிறது. குறித்த நேரத்தில், குறித்த அறையில், துப்பாக்கியோடு நிற்கிறார். சுடாமல் நிறுத்திக்கொள்கிறார். அந்தக் கடைசி நொடியைத்தான் அரசாங்கம் இத்தனை வருடமாக எல்லாரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டிருந்தது.

இது சினிமாதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2054 வரை அமெரிக்கா காத்திருக்கவில்லை.

சிகாகோ போலீஸ், யார் துப்பாக்கிச் சூட்டில் சிக்குவார்கள் என்று கம்ப்யூட்டர் வைத்துப் பட்டியல் போட்டது. ஆளுக்கு ஒரு மதிப்பெண், அதிகபட்சம் 500. பிளஸ் டூ மார்க் மாதிரி. மதிப்பெண் வாங்கியவர்கள் சுமார் 4 லட்சம் பேர். ராண்ட் ஆய்வு நிறுவனம் இதன் முதல் வடிவத்தை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? பட்டியலில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சுடப்படவில்லை. ஆனால், துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அதிகமாகக் கைதானார்கள். அதாவது, குற்றத்தைத் தடுக்கும் பட்டியல், கைது செய்ய வசதியான பட்டியலாகிவிட்டது. 2020 ஜனவரியில் இந்தத் திட்டம் கைவிடப்பட்டது தெரியவந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் வேறு வகை. பூகம்பத்துக்குப் பின்வரும் அதிர்வுகளைக் கணிக்கிற முறையை வைத்து, அடுத்த திருட்டு எந்தத் தெருவில் நடக்கும் என்று சொன்னது ‘பிரெட்போல்’ மென்பொருள். 500 அடிக்கு 500 அடி கட்டம் போட்டு, இங்கே ரோந்து போ என்றது. 2020 ஏப்ரலில் அந்த நகரப் போலீஸும் இதைக் கைகழுவியது. அதே வருடம் சாண்டா குரூஸ் நகரம் இந்த வகை மென்பொருளுக்குத் தடையே போட்டது.

படத்தில் தொட்டிக்குள் கனவு காண்பவர்கள் இருந்தார்கள். நிஜத்தில் அந்த இடத்தில் இருப்பது பழைய போலீஸ் ரெக்கார்டு. போலீஸ் எந்தத் தெருவில் அதிகம் நின்றதோ, அந்தத் தெருவில்தான் கேஸும் அதிகம். கேஸ் அதிகம் என்பதால் கம்ப்யூட்டர் மறுபடி அங்கேயே அனுப்புகிறது. மறுபடி கேஸ். செக்குமாடு சுற்றுகிற பாதைக்கு எதிர்காலம் என்று பெயர்!

நான் பி.காம் படித்தவன். வாராக்கடன் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. நூறு பேருக்குக் கடன் கொடுத்தால் ஐந்து பேர் திருப்பித் தரமாட்டார்கள் என்று அனுபவத்தில் கணக்கிட்டு, முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைப்போம். நல்ல வழக்கம். ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, தவணை தவறாத முருகேசன் வீட்டு வாசலில் போய் ‘ஏமாற்றுக்காரா’ என்று கத்த முடியுமா? கூட்டத்தைப் பற்றிய கணக்கு, தனிமனிதன் மீதான தீர்ப்பாகாது. முதலாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும் இது.

அமெரிக்க நீதிமன்றங்களுக்குத் தெரியவில்லை. குற்றவாளி மறுபடி தப்பு செய்வாரா என்று மதிப்பெண் போடும் ‘காம்பாஸ்’ மென்பொருளின் கணக்கு முறை கம்பெனியின் வணிக ரகசியம். விஸ்கான்சினில் தண்டனை பெற்ற ஒருவர் இதை எதிர்த்துப் போனார். 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் சில எச்சரிக்கைகளோடு, பயன்படுத்தலாம் என்றே சொல்லிவிட்டது. ஆடிட் செய்ய முடியாத கணக்கை எந்த வருமான வரி ஆபீசராவது ஒப்புக்கொள்வாரா? ஒரு மனிதனின் சிறைவாசத்துக்கு மட்டும் அது போதுமாம்!

இந்தத் தத்துவம் நமக்குப் புதிதும் அல்ல. பிரிட்டிஷ் அரசு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றத்துக்கு ஆதாரம். கைரேகை வை, ராத்திரி வந்து கையெழுத்துப் போடு. கம்ப்யூட்டர் இல்லாத மைனாரிட்டி ரிப்போர்ட். மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுத் தள்ளினார்கள்.

‘உங்க வீட்டுல ஒரு கொலை விழுந்தா இப்படிப் பேசுவீங்களா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆண்டர்டனும் மகனைப் பறிகொடுத்தவர்தான். அந்தத் துக்கத்தால்தான் இந்தத் திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். அந்தத் திட்டத்தைக் காப்பாற்ற அவருடைய மேலதிகாரியே ஒரு கொலை செய்து மறைத்திருந்தார். நம் துக்கம் உண்மை. அதைக் காட்டி நம்மிடம் விற்கப்படும் சரக்கும் உண்மையா என்பதுதான் கேள்வி.

படத்தின் தலைப்புக்கு அர்த்தம் இதுதான்: மூவரில் ஒருவர் மட்டும் வேறு விதமாகக் கண்டால், அந்த மாறுபட்ட அறிக்கையை ரகசியமாக அழித்துவிடுவார்கள். ஆடிட்டரின் ஆட்சேபக் குறிப்பைக் கிழித்துவிட்டு, கணக்கு சுத்தம் என்று சொல்வது போல.

எனவே, ‘கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். அதற்குள் எதைப் போட்டீர்கள்? அதை யார் சரிபார்த்தது? தப்பாகிப் போனால் யார் ஜெயிலுக்குப் போவது?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில் தெரிந்துவிடும். நீங்கள்தான்.