அறுபது லீட்டர் கடல்

எங்கட தொட்டியைப் பார்க்க வாறவை எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "முருகைக்கல் இல்லையா?" அடுத்ததா வழியையும் அவையளே சொல்லுவினம்: "கடல் பக்கத்திலதானே, ஒரு துண்டு உடைச்சுக் கொண்டு வாங்கோவன்." ஓலைத்தொடுவாயில் இருந்துகொண்டு கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் நாங்கள் கொண்டுவர மாட்டோம். இலங்கையில் அதைச் சட்டம் தடுக்கிறது, அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த 60 லீட்டர் தண்ணியோட நாங்கள் பட்ட பாடு.

நாங்கள் மூன்று பேரும் கலைப்பீடம். ஓ.எல்லோட விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். கம்பஸில் நிற்கிற நாட்களில் தொட்டியைப் பார்ப்பது எங்களில் ஒருத்தரின் அம்மா.

முதலில் உப்பு. வெயிலில் விட்ட கடல்தண்ணி உப்பா விளையிற தீவு இது. காற்றும் சும்மா விடாது. தொட்டியில் தண்ணிதான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். 60 லீட்டரில் 3 லீட்டர் போனால், லீட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். குறைந்ததுக்குக் கடல்தண்ணியையே ஊற்றினால் உப்பு இன்னும் ஏறும். நல்ல தண்ணிதான் ஊற்றவேணும். அதிலும் கிணற்றுத் தண்ணி சரிவராது, காசு குடுத்து ஆர்.ஓ. தண்ணிதான். கடற்கரையில் நின்று வாளியில் கடல்தண்ணி அள்ளுவதும் நினைத்த அளவு லேசில்லை. மார்கழி மழைக்குப் பிறகு கரையோரத் தண்ணி உப்புக் குறைந்து, கலங்கிக் கிடக்கும். அள்ளினதை ஒரு நாள் அடைய விட்டு, வடித்து, உப்பை அளந்துதான் பாவிக்கிறோம்.

எங்களை உண்மையிலேயே விழுத்தினது காரத்தன்மை. தண்ணியில் கரைந்திருக்கிற காபனேற்றும் இருகாபனேற்றும்தான் பெரும்பாலும் இந்தக் காரத்தன்மை. நத்தை ஓடு கட்டுவதும், கல்லில் ஒட்டி வளர்கிற செம்பாசி தடிப்பதும், முருகை எலும்பு வளர்ப்பதும் இதையும் கல்சியத்தையும் சேர்த்து எடுத்துத்தான். கடலில் காரத்தன்மை ஏறக்குறைய 7 பாகை, கல்சியம் லீட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில். காரத்தன்மை 2.8 பாகை இறங்கும்போது கல்சியம் 20 மில்லிகிராம்தான் இறங்கும். கல்சியத்தை மட்டும் அளந்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று இருந்தால், மற்றப் பக்கம் பாதிக்குக் கிட்டப் போய்விட்டிருக்கும். எங்களுக்கு நடந்தது அதேதான்.

ஒரு நாள் விடியக்காலமை ஆறு மணிக்குப் பீ.எச். பார்த்தோம், 7.8. பதறிப்போய் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிவு இறுக்காமலே ஊற்றினோம். தண்ணி பால்மாதிரி வெளுத்தது. அடுத்த நாள் காரத்தன்மை முந்தினதையும்விடக் கீழே கிடந்தது. கூடிப்போன சுண்ணாம்பு கரைந்திருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிட்டது. பம்ப் இறுகிப்போச்சு. நத்தை இரண்டு செத்துப்போச்சு. அம்மா எதுவும் சொல்லவில்லை, அதுதான் கூட உறைத்தது. பிறகுதான் விளங்கினது, இரவில் பாசி ஒளித்தொகுப்புச் செய்யாது, எல்லா உயிரும் மூச்சுவிட்டுக் காபனீரொட்சைட்டு சேரும், விடியப் பீ.எச். குறைவாத்தான் இருக்கும். பின்னேரம் தானாக ஏறும். நாங்கள் துரத்தினது தொட்டியின் மூச்சை.

இப்ப அப்பச்சோடாதான் பாவிக்கிறோம். 60 லீட்டரில் காரத்தன்மையை ஒரு பாகை உயர்த்த 1.8 கிராம் போதும். அதையும் ஆர்.ஓ. தண்ணியில் கரைத்து, இரண்டு நாளாகப் பிரித்து விடுவோம். வாரம் ஆறு லீட்டர் தண்ணி மாற்றுவோம். அளப்பது எப்பவும் ஒரே நேரத்தில். வீடியோக்களில் சொல்கிற 'சரியான எண்' எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. எட்டோ ஏழரையோ, நேற்று இருந்த இடத்தில் இன்றும் நின்றால் சரி.

நாலு நத்தைக்கும் கொஞ்சம் பாசிக்குமே இந்தக் கணக்கு. கல்முருகை வளர்ந்தால் அது ஒவ்வொரு நாளும் இழுக்கும். ஒரு கிழமை மின்வெட்டிலோ ஒரு சோதனைக் காலத்திலோ நாங்கள் அதைக் கொன்றிருப்போம்.

சுண்ணாம்பு நீரால் முருகை வளர்ப்பது உலகம் முழுக்கத் தெரிந்த முறை. அதற்கு வழங்குகிற 'கல்க்வாசர்' என்ற ஜேர்மன் பெயரின் அர்த்தமே சுண்ணாம்பு நீர்தான். எங்கட கடலில் கதை மற்றப் பக்கமாக நடந்தது. முருகைக்கல்லை வெட்டிச் சூளையில் எரித்துச் சுண்ணாம்பாக்கினார்கள். இதே மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணிக்குள் போனதற்கு முருகைக்கல் அகழ்ந்தது முக்கிய காரணம். அந்தக் கல்லை எடுத்தவர்களும் ஒவ்வொரு தரமும் ஒரு தோணி அளவுதான் எடுத்திருப்பார்கள்.

கடலட்டையின் கதையும் இதற்குள் வரும். எங்கட ஊரில் கடலட்டைக் குஞ்சு உற்பத்தி செய்கிற அரச நிலையம் இருக்கிறது. இங்கே அட்டை என்றால் கதை பெரும்பாலும் ஏற்றுமதி விலையில்தான் போய் நிற்கும். அட்டை மணலைத் தின்று, அதிலுள்ள சுண்ணாம்பில் கொஞ்சத்தைக் குடலில் கரைத்துத் தண்ணிக்கே திருப்பிக் கொடுக்கிறது என்று அவுஸ்திரேலிய முருகைத் திட்டுகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாங்கள் தேக்கரண்டியில் அளந்து போடுவதை அது சம்பளமில்லாமல் செய்கிறது. இன்னொரு பக்கம், காற்றில் கூடுகிற காபனீரொட்சைட்டு கைத்தொழிற் புரட்சிக்குப் பிறகு கடலின் சராசரிப் பீ.எச்.ஐ 8.2இலிருந்து 8.1 அளவுக்கு இறக்கிவிட்டது. ஒரு புள்ளிதானே என்று தோன்றும், ஆனால் அமிலத்தன்மை கிட்டத்தட்ட 30 வீதம் கூடியிருக்கு என்பது அதன் கணக்கு.

"இழுவைமடி கிழிக்கிறதை விட்டுட்டு எங்கட ஒரு துண்டைப் பிடிக்கிறீங்களோ?" என்று ஒரு நண்பன் கேட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கு. 2017இல் சட்டம் தடைசெய்த பிறகும் இழுவைமடிப் பிரச்சினை முடியவில்லை, அதன் சேதத்தோடு எங்கட துண்டை ஒப்பிடவே ஏலாது. ஆனால் இழுவைமடிக்காரரிடம் நாங்கள் என்ன கேட்கிறோமோ, அதைக் கையில் ஒரு வாளியோட நின்று கேட்க எங்களுக்கு வாய் வராது.

தொட்டி வைக்க ஆசையிருக்கிற ஆட்கள் வாங்கோ, அளக்கப் பழக்கிவிடுறம். நத்தையும் இருக்கு. பின்னேரம் வந்தால் நல்லம், விடிய ஆறு மணிக்கு எண்ணைப் பார்த்தால் பயந்துவிடுவீங்கள்.