கரையை மறந்த அரசுகள்



இங்கிலாந்தில் 1485-இல் முடிசூடிய ஏழாம் என்றி, தியூடர் குடியின் முதல் மன்னன். நாடோ உள்நாட்டுப் போரால் இளைத்திருந்தது. கடலுக்கப்பால் பிரான்சும் இசுப்பெயினும் வல்லரசுகள். வடக்கே இசுக்காட்லாந்து பழம்பகை. அவன் வாளினும் ஓலையையே மிகுதியும் நம்பினான். 1489-இல் இசுப்பெயினொடும் 1492-இல் பிரான்சொடும் உடன்படிக்கை செய்தான்; 1496-இல் நெதர்லாந்தொடு வணிகவுறவைப் புதுப்பித்தான்; 1503-இல் தன் மகள் மார்கரெட்டை இசுக்காட்லாந்து மன்னனுக்கு மணமுடித்தான். அம் மணவழி வந்த கொள்ளுப்பேரன் 1603-இல் இரு நாட்டு முடியையும் ஒருங்கே சூடினான். அயலாரொடு ஒப்புரவாகும் அரசு தன் குடிகளைக் காக்கும் என்பதற்கு இது சான்று.

என்றியின் மகன் எட்டாம் என்றி, தந்தை தொகுத்த பொருளைப் பிரான்சுப் போர்களில் கரைத்துக்கொண்டிருந்த காலத்தில், நம் முத்துக்குளித்துறையின் நிலை யாது? தென்பாண்டி நிலத்தின்பொருட்டுப் பாண்டியரும் வேணாட்டாரும் மோதினர். 1532-இல் விசயநகர அச்சுதராயரின் படை தெற்கே இறங்கி வேணாட்டை அடக்கியது. முத்தின் வரியை வேண்டியவர் பலர்; மூச்சடக்கி முத்தெடுத்தவனைக் காப்பார் எவருமிலர். கடலுரிமை பற்றி முகமதிய வணிகரொடு பூசல் முற்றியபோது, பரதவர் தலைவர்கள் தம் வேந்தரிடம் செல்லவில்லை. கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் சென்றனர். 1537 முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் அவர்தம் சமயத்தைத் தழுவினர். 1538-இல் வேதாளையில் கோழிக்கோட்டுக் கப்பற்படை முறிந்தது. அதன்பின் முத்துத்துறையின் ஆட்சி அயலார் கைக்குப் போயிற்று. அவ்வளவு விலை கொடுத்தும் 1544-இல் வடுகப்படை கரையூர்களைச் சூறையாடியபோது, மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒடுங்க நேர்ந்தது. 1658-இல் தூத்துக்குடி ஓலாந்தர்க்குக் கைமாறியது.

பரதவரைக் குறைகூறுவார் உளர். அது முறையன்று. நீரில் மூழ்குவோன் எட்டிய கையைப் பற்றுவான். அருகிலிருந்தும் கைநீட்டாதார் மீதே பழி சாரும்.

இது பழங்கதை மட்டுமன்று. 1976 மார்ச்சு 23-இல் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் கடலெல்லை வகுத்தன. அன்று தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்த அரசு இல்லை. அவ்வாண்டு சனவரி 31-இலேயே அது கலைக்கப்பட்டிருந்தது. பெரியதாழை முதலான கரையூர்களில் வலைவீசி வாழ்வோர்க்கு அவ் வுடன்படிக்கையில் ஒரு சொல்லும் இடமில்லை.

உடன்படிக்கை வேண்டாவென்பது எம் கருத்தன்று. அதுவே போரினும் சிறந்தது. ஆயின் கடலைப்பற்றிப் பேசும் அவையில் கடலோடிக்கும் இருக்கை வேண்டும். அதனை இரந்து பெறலாகாது; உரிமையாகக் கேட்டுப் பெறுவோம்!